முதல் அட்டவணையில் ஒரு வரி

மருத்துவ ஆய்வுக் கட்டுரை எது கையில் கிடைத்தாலும் நான் நேராக முதல் அட்டவணைக்குப் போய்விடுவேன். சுருக்கம், முடிவுரை எல்லாம் அப்புறம்தான். மருந்துப் பரிசோதனைகளின் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. எந்த ஆய்வாக இருந்தாலும் அந்த அட்டவணை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பக்கம் மருந்து எடுத்தவர்கள், இன்னொரு பக்கம் போலி மாத்திரை, அதாவது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்கள். கீழே வரிசையாக வயது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம். வயதுக்கு அடுத்த வரியில் அநேகமாக "பெண்கள்" என்று போட்டு ஓர் எண்ணும் ஒரு சதவீதமும் இருக்கும். சில கட்டுரைகளில் "ஆண்கள்" என்று மட்டும் இருக்கும். மிச்சத்தை நாமே கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வரியைப் பார்த்த பிறகு, முடிவுகள் பகுதியில் அது மறுபடி எங்காவது தலைகாட்டுகிறதா என்று தேடுவேன். பல கட்டுரைகளில் காட்டாது. ஆள் சேர்க்கும்போது ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எண்ணியிருப்பார்கள். விடை சொல்லும்போது எல்லாரையும் கலந்து ஒரே சராசரி. பெண்களை ஆய்வுகளில் சேர்க்காமல் விட்ட பழைய கதை இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் சேர்த்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறார்களே, பார்த்தாலும் தப்பாகப் படிக்கிறார்களே, எனக்கு அதுதான் அதிக எரிச்சல்.

பழைய கதையில் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஆஸ்பிரின் பற்றியது. 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு. 22,071 மருத்துவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. முதல் மாரடைப்பு வரும் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்தது என்று 1989இல் இறுதி அறிக்கை வந்தது. அந்த 22,071 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அன்று அந்த நாட்டில் டாக்டர்களில் பெரும்பாலோர் ஆண்கள், மாரடைப்பு என்றாலே நடுவயது ஆணுக்கு வருவது என்ற எண்ணமும் ஆழமாக இருந்தது. ஆகவே ஆண்களை மட்டும் எடுத்தது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. முதுமை எப்படி நிகழ்கிறது என்று ஆராய பால்டிமோரில் 1958இல் ஆரம்பித்த நீண்டகால ஆய்வில்கூட 1978 வரை பெண்கள் கிடையாது. ஆணைவிடப் பெண் அதிக நாள் வாழ்கிறாள் என்பது ஊரறிந்த விஷயம். முதுமையைப் பற்றிய ஆராய்ச்சியில் அவளுக்கு இடம் கிடைக்க 20 வருடம் ஆனது.

சரி, ஆஸ்பிரினுக்கு வருவோம். அதே கேள்வியைப் பெண்களிடம் கேட்ட ஆய்வின் விடை 2005இல்தான் வந்தது. மருத்துவத் துறையில் வேலை பார்த்த 39,876 பெண்கள், பத்து வருடக் கண்காணிப்பு. மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது. ஆண்களிடம் வந்த விடைக்குக் கிட்டத்தட்ட நேர்மாறு. "ஆஸ்பிரின் ஆணின் இதயத்தைக் காக்கிறது, பெண்ணின் மூளையைக் காக்கிறது" என்று செய்தி பரவியது. சொல்வதற்கும் நன்றாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்குக் கொடுத்த ஆஸ்பிரின் 100 மில்லிகிராம். ஆண்களுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. பெண்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இதய நோய் வரும் வயதுக்கு இன்னும் போய்ச் சேராதவர்கள். 65 வயதைத் தாண்டியவர்களைத் தனியே எடுத்தால் மாரடைப்பும் குறைந்திருந்தது. இரண்டு ஆய்வுக்கும் நடுவே பல வருட இடைவெளி வேறு. ஆக, விடைகள் மாறியதற்குக் காரணம் ஆண், பெண் உடல் வேறுபாடா, மருந்தின் அளவா, வயதா? பல ஆய்வுகளின் தரவுகளை ஆள்வாரியாக ஒன்றாகச் சேர்த்து 2009இல் அலசினார்கள். ஆண், பெண் வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. முதலில் ஒரு பாலை விட்டுவிட்டு ஆய்வு செய்தார்கள். அப்புறம் இன்னொரு பாலை மட்டும் வைத்து வேறு அளவில் செய்தார்கள். கடைசியில் கேள்விக்கு நேரான பதில் இரண்டிலுமே இல்லாமல் போனது. இருவரையும் ஒரே ஆய்வில், ஒரே அளவில் முதலிலேயே எடுத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது.

பெண்களை விட்டதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. பயமும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் அதை அங்கே திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்திருந்தன. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி தராமல் நிறுத்திவைத்தவர் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி. கொடுத்த ஆதாரம் போதாது என்று மறுபடி மறுபடி திருப்பி அனுப்பினார், அவ்வளவுதான். அந்தப் பிடிவாதத்தால் தப்பித்த குடும்பங்கள் எத்தனையோ.

இதிலிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம்தான் வேடிக்கை. கர்ப்பத்தில் என்ன செய்யும் என்று ஒழுங்காகச் சோதிக்காமல் கர்ப்பிணிகளுக்கு விற்றதால் வந்தது தாலிடோமைடு கேடு. ஆனால் கிடைத்த தீர்வு, பெண்களைச் சோதனைக்கே கூப்பிட வேண்டாம் என்பது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977இல் ஒரு வழிகாட்டுதல் போட்டது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்கக்கூடாது. உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு மட்டும் விலக்கு. கருத்தடை செய்துகொள்பவர், திருமணமாகாதவர், கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர், எல்லாரும் அந்த "வாய்ப்புள்ள" வட்டத்துக்குள்தான். 1993இல் இதை மாற்றினார்கள். அதே வருடம், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அங்கே சட்டமும் வந்தது. நடுவில் போன 16 வருடங்களில் சந்தைக்கு வந்த மருந்துகளை எத்தனை பெண்கள் விழுங்கியிருப்பார்கள்! சோதனையில் கிடைக்காத பாதுகாப்பு மருந்துக்கடையிலும் கிடைக்காது.

விதி மாறினாலும் வாசல் அவ்வளவு அகலமாகத் திறந்துவிடவில்லை. ஆள் சேர்க்கும் படிவத்தை ஒருமுறை முழுக்கப் படித்தால் புரியும். ஆண் என்றால் வயது, நோய், எடுத்துக்கொள்ளும் மற்ற மருந்துகள், கையெழுத்து. பெண் என்றால் அதற்கு மேல் ஒரு பக்கம்: கடைசி மாதவிடாய்த் தேதி, மாதவிடாய் நின்று எத்தனை மாதம், கருப்பை எடுத்தாயிற்றா, இல்லையென்றால் என்ன கருத்தடை முறை, ஒன்று போதாது இரண்டாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வருகையிலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. 48 வயதில் தனியாக வாழும் ஒரு பெண் இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று பேனாவைக் கீழே வைத்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவரைத் தடுக்கவில்லை. படிவம் தடுத்தது. அட்டவணையில் பெண்கள் சதவீதம் குறைவாக இருக்கும்போது "பெண்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கூடுதல் பக்கம்தான் நினைவுக்கு வரும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் மோசம். எச்ஐவிக்கான டொலுடெக்ராவிர் நல்ல மருந்து. 2018இல் போட்ஸ்வானாவில் நடந்த கண்காணிப்பில், கருத்தரிக்கும் சமயத்தில் இந்த மருந்தில் இருந்த 426 பெண்களின் குழந்தைகளில் நால்வருக்கு முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறைபாடு தெரிந்தது. உடனே எச்சரிக்கை. பல நாடுகள் இளம் பெண்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கத் தயங்கின. அதே கண்காணிப்பு தொடர்ந்து, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏற ஏற, அந்த விகிதம் கரைந்துகொண்டே வந்தது. 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லாருக்கும் இதைப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளைப் பற்றிய தரவு கைவசம் கொஞ்சம்தான் இருக்கும்போது நாலு பேரின் கணக்கு பல நாடுகளின் கொள்கையைத் திருப்பிவிடும். எச்சரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் அன்று இருந்த தரவு அவ்வளவுதான்.

மனிதர்களுக்கு வருமுன் எலிகளிடமே இந்தக் கதை ஆரம்பித்துவிடுகிறது. ஆய்வகத்தில் பல காலம் ஆண் எலிதான் எலி. நரம்பியல் ஆய்வுகளில் பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தது ஒன்று என்றால் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தது ஐந்தரை என்று 2011இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. காரணமாகச் சொன்னது சுழற்சி. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் ஏறி இறங்கும், அதனால் அளவீடுகள் சிதறும் என்பது வாதம். கேட்டால் சரி என்றுதான் தோன்றும். 2014இல் 293 ஆய்வுக் கட்டுரைகளை அலசிப் பார்த்தார்கள். சுழற்சியின் எந்த நாளில் எடுத்தாலும், பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளைவிட அதிகம் சிதறவில்லை. ஆண் எலிகளுக்கும் அவற்றுக்கே உரிய ஏற்ற இறக்கம் உண்டு. ஒரே கூண்டில் நாலைந்தைப் போட்டால் சண்டை போட்டு ஒன்று தலைவனாகிவிடும், மற்றவை அடங்கிப்போகும்; ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவும் அதற்கேற்பத் தாறுமாறாக இருக்கும். அதை யாரும் "சிக்கல்" என்று சொன்னதில்லை.

இதில் என்ன இழப்பு என்பதற்கு வலி பற்றிய ஓர் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. நரம்புக் காயத்துக்குப் பிறகு நீடிக்கும் வலிக்குத் தண்டுவடத்தில் உள்ள மைக்ரோகிளியா என்ற செல்கள்தான் காரணம் என்று பாடமாகவே ஆகியிருந்தது. 2015இல் பெண் எலிகளிலும் சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் செல்களை அடக்கினால் ஆண் எலிகளுக்கு வலி குறைகிறது, பெண் எலிகளுக்குக் குறையவில்லை. பெண் எலிகளில் டி செல்கள் என்ற வேறு நோயெதிர்ப்புச் செல்கள் அந்த வேலையைச் செய்வதாகத் தெரிந்தது. வலி அதே அளவுதான், வரும் வழி வேறு. மனிதர்களில் நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள். ஆராய்ந்தது ஆண் எலியின் வழியை. (அந்த எலிகளைப் பற்றி இன்னொரு சேதி: எலி ஆய்வு நடக்கும் அறைக்குள் ஓர் ஆண் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறி வலியுணர்வு மழுங்கிவிடுகிறது. முந்தின இரவு ஓர் ஆண் போட்டிருந்த டி-ஷர்ட்டை வைத்தாலே போதும். அத்தனை வருடத்து எலி ஆய்வுகளில் அறைக்குள் யார் இருந்தார்கள் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.)

தூக்க மாத்திரை சோல்பிடெம் கதை இந்தத் துறையில் மிகப் பிரபலம். அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 மில்லிகிராம். இரவு போட்டுவிட்டுக் காலையில் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு மயக்கம் தெளியாமல் இருப்பதாகப் புகார்கள் சேர்ந்தன. மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கக்கூடிய அளவுக்கு மேல் இருந்தவர்கள் பெண்களில் சுமார் 15 சதவீதம், ஆண்களில் 3 சதவீதம். 2013 ஜனவரியில் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கி 5 மில்லிகிராம் என்று அறிவித்தார்கள். மருந்து சந்தைக்கு வந்து 20 வருடம் கழித்து!

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு அப்புறம் நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதே கேள்வியை எடுத்து அலசிவிட்டு, பெண்களுக்குத் தனி அளவு வேண்டியதில்லை என்று 10 மில்லிகிராமையே வைத்துக்கொண்டது. ஒரே மாத்திரை, இரண்டு தீர்ப்பு. பெண் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாக வெளியேறுகிறது என்பதில் சண்டை இல்லை. எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆனால் ரத்தத்தில் அதிகம் இருப்பதால் பெண்கள் ஆண்களைவிட மோசமாக வண்டி ஓட்டுகிறார்களா என்றால், அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை என்பது விமர்சகர்களின் வாதம். அளவைப் பாதியாக்கியதால் தூக்கம் வராமல் தவிக்கும் பெண்களைப் பற்றி யார் கவலைப்படுவது என்றும் கேட்கிறார்கள். என் கணிப்பில் குறைந்த அளவில் ஆரம்பிப்பது நல்லதுதான், ஆணுக்கும் சேர்த்து. ஆனால் "பெண்" என்ற ஒரே சொல்லை மாத்திரைப் பெட்டியில் அச்சடித்துவிட்டால், 45 கிலோ எடையுள்ள முதிய ஆணுக்கும் 90 கிலோ எடையுள்ள இளம் பெண்ணுக்கும் நாம் எதையும் சொல்லவில்லை. பால் என்பது பல நேரங்களில் வேறு எதற்கோ பதிலாக வந்து நிற்கிறது: எடைக்கு, கொழுப்பு விகிதத்துக்கு, சிறுநீரகம் வேலை செய்யும் வேகத்துக்கு, கல்லீரல் நொதிக்கு. அந்த எதையோ நேராக அளக்க முடியுமென்றால் அளந்துவிடலாமே.

எல்லா இடத்திலும் இப்படிக் கரைத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈசிஜியில் க்யூடி என்று ஓர் இடைவெளி உண்டு. இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறுவயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றாகவே இருக்கும். பருவமடைந்த பிறகு ஆண்களுக்குக் குறைகிறது, டெஸ்டோஸ்டிரோனின் வேலை. ஆகவே இந்த இடைவெளியை நீட்டும் மருந்து எதுவானாலும் பெண்ணுக்கு விளிம்பு பக்கத்தில் இருக்கிறது; தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். மருந்துகளால் வரும் இந்த வகைத் துடிப்புக் கோளாறில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுக்கு வருகிறது. ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின், நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடு இரண்டும் சந்தையிலிருந்து போனது இதனால்தான். 1997 முதல் 2000 வரை அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளில் 8 பெண்களுக்குக் கூடுதல் ஆபத்தானவை என்று அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் 2001இல் கணக்குக் காட்டியது. அதிலும் சில மருந்துகள் பெண்களுக்கு அதிகம் எழுதித் தரப்பட்டவை, அதனால் பாதிப்பும் அதிகம் தெரிந்திருக்கலாம் என்று அதே அறிக்கை சொன்னது. இப்படிப் பிரித்துச் சொல்வதுதான் எனக்குப் பிடித்தது.

மாரடைப்பு பற்றி இணையத்தில் சுற்றும் ஒரு தகவலைத் திருத்தியாக வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலி வராது, களைப்பும் தாடை வலியும்தான் வரும் என்கிறார்கள். தப்பு. பெண்களிலும் பெரும்பாலோருக்கு நெஞ்சுவலியோ நெஞ்சு இறுக்கமோதான் வருகிறது. கூடவே மூச்சுத் திணறல், குமட்டல், முதுகு வலி, தாடை வலி என்று வேறு அறிகுறிகளும் சேர்ந்து வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அந்தக் கூட்டத்தில் நெஞ்சுவலியைக் கேட்பவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள், அல்லது "பதற்றம்" என்று எழுதிவிடுகிறார்கள். உடலில் உள்ள வித்தியாசம் சின்னது. எதிரே உட்கார்ந்து கேட்பவரின் காதில் அது பெரிதாகிவிடுகிறது.

இதை நிரூபிப்பதுபோல ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறும். பரவலாகப் பயன்படும் ஒரு பரிசோதனையில் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 என்று தனித்தனி வரம்பு உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே வரம்பு வைத்தால் பெண்ணின் பாதிப்பு "நார்மல்" என்று போய்விடும். தனி வரம்போடு புதிய பரிசோதனையைக் கொண்டுவந்து 48,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பார்த்தார்கள். இதயத் தசை பாதிப்பு கண்டறியப்பட்ட ஆண்களின் எண்ணிக்கை 6 சதவீதம் கூடியது, பெண்களின் எண்ணிக்கை 42 சதவீதம். பெரிய வெற்றி. ஆனால் அப்புறம் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது பெண்களின் கதி முன்னேறவில்லை. கண்டுபிடித்த பிறகும் அவர்களுக்கு ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் மருந்துகளும் ஆண்களைவிடக் குறைவாகவே போய்ச் சேர்ந்தன. ரத்தப் பரிசோதனையின் வரம்பை ஒரே நாளில் மாற்றிவிடலாம், பார்க்கிற கண்ணை அப்படி மாற்ற முடிவதில்லை.

நோயெதிர்ப்பு பக்கம் போனால் வேறுபாடு வியக்கவைக்கிறது. உடலின் பாதுகாப்பே உடலைத் தாக்கும் நோய்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் பெண்கள். லூபஸ் நோயில் பத்தில் ஒன்பது பேர். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். ஆனால் எக்ஸ்எக்ஸ்ஒய் என்று ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக உள்ள ஆண்கள் இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் பலருக்குக் குறைவாக இருந்தாலும் அவர்கள் உடல் ஆண் உடல்தான். மற்ற ஆண்களைப்போல 14 மடங்கு லூபஸ் வாய்ப்பு அவர்களுக்கு, கிட்டத்தட்டப் பெண்கள் அளவு. ஆக இரண்டாவது எக்ஸின் மேல் சந்தேகம் திரும்பியது. பெண் உடலில் இரண்டு எக்ஸில் ஒன்றை ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏ மூடிவைக்கிறது. மூடுவதற்காக அது பல புரதங்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டையே உடல் அந்நியமாகப் பார்த்துத் தாக்கத் தொடங்கலாம் என்று 2024இல் ஆய்வு வந்தது. ஆண் எலிகளில் ஸிஸ்டைச் செயற்கையாகச் சுரக்கவைத்தபோது அவற்றுக்கும் லூபஸ் போன்ற நோய் கூடியது. "பெண்களுக்கு அதிகம் வரும்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் இது கிடைத்திருக்காது. "பெண்ணிடம் உள்ள எது?" என்று கேட்டதால் கிடைத்தது.

அதே கேள்வி ஆய்வகச் சீட்டிலும் வருகிறது. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று வரம்பு. ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் திருநங்கைக்கு எது, திருநம்பிக்கு எது? ஹீமோகுளோபினைப் பொறுத்தவரை அது டெஸ்டோஸ்டிரோனின் பின்னால் போகிறது. ஆகவே இப்போது உடலில் ஓடும் ஹார்மோனுக்கு ஏற்ற வரம்பைப் பார்ப்பது பொருத்தம். வேறொரு பரிசோதனைக்கு இதே பதில் பொருந்தாமல் போகலாம். சீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கட்டம்.

ஆண்கள் விடுபட்ட இடங்களும் உண்டு, யாரும் அதிகம் பேசுவதில்லை. எலும்புப்புரை பெண்களின் நோய் என்று முத்திரை குத்தியாயிற்று. 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் அதனால் எலும்பு முறிவு வரும் என்பது மதிப்பீடு. இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் விகிதத்தில் ஆண்கள் பெண்களைவிட அதிகம். இருந்தும் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு ஆண்களை யாரும் அனுப்புவதில்லை. மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒருவர் ஆண். சோதனைகள் பெண்களை வைத்தே நடந்தன. பால்போசிக்லிப் என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் ஆண்களுக்கும் அனுமதி கிடைத்தது, தனிச் சோதனையால் அல்ல, ஏற்கெனவே டாக்டர்கள் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவப் பதிவுகளைத் திரட்டி.

2015இல் பெண்களின் பாலுணர்வுக் குறைவுக்கு ஃபிளிபான்செரின் என்ற மருந்து வந்தபோது, மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வில் 25 பேர். அதில் 23 பேர் ஆண்கள். பெண்களுக்கான மருந்து! பின்னால் பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு 2019இல் மது பற்றிய எச்சரிக்கையின் வாசகத்தை மாற்றினார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பல துறைகளில் அந்த "பெண்கள்" வரியில் எண் நன்றாகவே ஏறியிருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல் எலி ஆய்வுகளிலும் இரு பாலையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. சிக்கல் அடுத்த கட்டத்தில். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க 1,000 பேர் போதுமென்றால், அந்த விளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவுக்கு வித்தியாசப்படுகிறதா என்று பார்க்க ஏறக்குறைய நாலு மடங்கு ஆட்கள் வேண்டும். அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. அதனால் கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் ஒரு படம் வரும்: நடுவில் "பலன் இல்லை" என்பதைக் குறிக்கும் ஒரு செங்குத்துக் கோடு, அதன் இருபுறமும் கிடைத்த பலனைக் காட்டும் குட்டிச் சதுரங்கள், அந்தக் கணக்கு எவ்வளவு தள்ளாடலாம் என்று காட்ட சதுரத்தின் இரு பக்கமும் மீசைபோல நீளும் கோடுகள். ஆண்களின் மீசை நடுக்கோட்டைத் தொடாது, பெண்களின் மீசை தொட்டுவிடும். உடனே "பெண்களுக்கு வேலை செய்யவில்லை" என்று தலைப்புச் செய்தி. சதுரங்கள் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும்! பெண்கள் குறைவாகச் சேர்ந்ததால் அவர்கள் மீசை நீளம், அவ்வளவுதான். இரண்டு சதுரங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நேராகச் சோதித்து எழுதும் கட்டுரைகள் குறைவு. அந்த ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இன்னொன்று, கேட்காத கேள்வி. கோவிட் தடுப்பூசிகளின் பெரிய சோதனைகளில் பெண்கள் பாதிக்குப் பாதி அளவில் இருந்தார்கள். முதல் அட்டவணையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பிறகு காய்ச்சலா, கைவலியா, தலைவலியா, களைப்பா என்று ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். மாதவிடாய் தள்ளிப்போனதா என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. ஊசி பொதுமக்களுக்கு வந்ததும் உலகெங்கும் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள்: தேதி மாறுகிறது, உதிரப்போக்கு கூடுகிறது. முதலில் "மன அழுத்தம்" என்று தட்டிக்கழித்தார்கள். அந்த இடைவெளியில் ஊசி போட்டால் குழந்தையே பிறக்காது என்ற வதந்தி நன்றாகக் குடியேறிவிட்டது. 2022 ஜனவரியில் சுமார் 4,000 பெண்களின் சுழற்சித் தேதிகளை வைத்து விடை வந்தது. ஊசி போட்ட மாதத்தில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தாமதம். அந்தத் தேதிகளை அவர்கள் ஆய்வுக்காகக் குறித்துவைக்கவில்லை. போனில் உள்ள ஒரு செயலியில் வழக்கம்போலக் குறித்துவந்ததைத்தான் ஆய்வாளர்கள் பின்னால் கேட்டு வாங்கினார்கள்.